பி பிளேட் மாட்டியபின்: நியூ சவுத் வேல்ஸில் புது டிரைவர்களுக்கும் பெற்றோருக்கும் சில கேள்வி பதில்கள்

சிட்னியின் மேற்கே வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூங்காபி பக்கம் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும், வயசுப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில் பேச்சு ஒரு கட்டத்தில் லைசென்ஸுக்கு வந்துவிடும். என் மூத்தவள் பி1 என்ற முதல் கட்டத் தற்காலிக லைசென்ஸ் வாங்கிய பிறகு அந்த மேசையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. சிலவற்றைக் கேட்டவளே அவள்தான். இங்கே சொல்வதெல்லாம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கார் லைசென்ஸ் விதிகள். அபராதத் தொகைகள் அடிக்கடி மாறுவதால் அவற்றை எழுதவில்லை. எப்படியும் பி டிரைவரை வாட்டுவது பணத்தைவிட, குற்றத்துக்கு ஏறும் புள்ளிகள்தான்.

டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டது. இனி முழு லைசென்ஸ்தானே?

இல்லை. ஊரில் எல்.எல்.ஆர். போட்டோம், எட்டுப் போட்டுக் காட்டினோம், லைசென்ஸ் வந்தது, அத்தோடு ஆர்.டி.ஓ. ஆபீஸை மறந்தோம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் டெஸ்ட் பாஸ் ஆனால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். இங்கே டெஸ்டுக்குப் பிறகுதான் கண்காணிப்புக் காலமே தொடங்குகிறது.

வரிசை இப்படி: 16 வயதில் பழகுநருக்கான எல், வண்டியில் மாட்டும் மஞ்சள் அட்டையில் கறுப்பு எழுத்தாக. குறைந்தது 17 வயதானதும் டெஸ்ட் பாஸ் செய்தால் வெள்ளை அட்டையில் சிவப்பு பி, அதுதான் பி1. அதில் குறைந்தது 12 மாதம். அப்புறம் பச்சை பி, அதாவது பி2, குறைந்தது 24 மாதம். அதற்குப் பிறகே எந்த அட்டையும் மாட்டத் தேவையில்லாத முழு லைசென்ஸ். ஆக, ஒரு தவறும் செய்யாத பிள்ளைக்குக்கூட டெஸ்ட் முடிந்து மூன்று வருடம் ஆகும்.

பி1 லைசென்ஸ் 18 மாதமும் பி2 லைசென்ஸ் 36 மாதமும் செல்லும். குறைந்தபட்சக் காலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தந்திருக்கிறார்கள். காலாவதித் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, 12 மாதம் முடிந்ததும் பி2-க்கு விண்ணப்பிக்கலாம்.

120 மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டுமாமே, அதை எப்படி முடிப்பது?

25 வயதுக்குக் கீழ் உள்ள எல் டிரைவருக்கு 120 மணி நேரம், அதில் 20 மணி நேரம் இரவில். கேட்டதும் மலைப்பாகத்தான் இருக்கும். குறைக்க இரண்டு வழி உண்டு. லைசென்ஸ் உள்ள பயிற்றுநரிடம் ஒரு மணி நேரம் ஓட்டினால் பதிவேட்டில் மூன்று மணி நேரமாக எழுதிக்கொள்ளலாம். இப்படி 10 மணி நேரம் வரை, அதாவது 30 மணி நேரக் கணக்கு. ‘சேஃபர் டிரைவர்ஸ் கோர்ஸ்’ என்ற பயிற்சிக்குப் போனால் இன்னொரு 20 மணி நேரம் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்பே 50 மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 50 கழிந்து, அம்மா அப்பா தலையில் விழுவது 70 மணி நேரம்.

இரவு நேரத்துக்கு ஒரு யோசனை: ஜூன், ஜூலையில் சிட்னியில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. டியூஷன், நீச்சல், பாட்டு வகுப்பு என்று எப்படியும் நாம் ஓட்டும் வண்டிதானே. சாவியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். குளிர்காலம் முடிவதற்குள் இருபதும் சேர்ந்துவிடும்.

ஓட்டாத நேரத்தை ஓட்டியதாக எழுதும் வீடுகள் இருக்கின்றன, தெரியும். மழையில் ஒரு ராத்திரிகூட எம்4 மோட்டார்வேயில் ஓட்டிப் பழகாத பிள்ளை, முதல் முறை தனியாக அதைச் செய்யப்போகிறது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

புள்ளிக் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சாலைக் குற்றம் ஒவ்வொன்றுக்கும் அபராதத்தோடு சேர்த்து இத்தனை டீமெரிட் புள்ளி என்று உண்டு. பரீட்சை மார்க் மாதிரி இது கூடினால் நல்லதல்ல. சாதாரண முழு லைசென்ஸ்காரருக்கு 13 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படும். பி2-க்கு அந்த எல்லை 7. பி1-க்கு வெறும் 4.

இப்போது குற்றங்களின் பக்கம் பாருங்கள். வேக வரம்பைப் பத்து கிலோமீட்டருக்குள் தாண்டினால் முழு லைசென்ஸ்காரருக்கு ஒரு புள்ளி. அதே தவறுக்கு எல், பி1, பி2 டிரைவர்களுக்கு நான்கு புள்ளி. அதாவது 60 வரம்புள்ள சாலையில் 66-இல் போய் கேமராவில் சிக்கினால் உங்களுக்கு எரிச்சல், உங்கள் மகளுக்கு மூன்று மாதம் பஸ். பி1-இல் வேகக் குற்றத்துக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்றே கிடையாது. பி2-இல் ஒரு முறை தப்பலாம், கையில் மூன்று புள்ளிதான் மிச்சமிருக்கும்.

சிவப்பு விளக்கைத் தாண்டினால் மூன்று, ஸ்டாப் பலகையில் முழுதாக நிற்காமல் உருண்டு போனாலும் மூன்று. இதில் ஒன்று நடந்தால் பி1 டிரைவரிடம் மிஞ்சுவது ஒரே ஒரு புள்ளி. போதாதென்று ஈஸ்டர், கிறிஸ்துமஸ் போன்ற நீண்ட விடுமுறை நாள்களில் வேகம், ஃபோன், சீட் பெல்ட் குற்றங்களுக்கு இரட்டைப் புள்ளி. பயணம் கிளம்பும் முன் அந்தத் தேதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. நான் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

கார் என் பெயரில்தான் இருக்கிறது. கேமரா அபராதம் எனக்குத்தானே வரும்? புள்ளியை நானே ஏற்றுக்கொண்டால்?

இந்தக் கேள்வியை எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நான் சத்தமாகவே பதில் சொல்கிறேன்: வேண்டாம். நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்கு வரும், உண்மை. அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று நீங்கள் தெரிவிக்க வேண்டும். பிள்ளை ஓட்டியதை நான் ஓட்டினேன் என்று எழுதுவது பொய் வாக்குமூலம், அதுவே தனிக் குற்றம். கேமரா படத்தில் முகம் தெரிவதும் உண்டு. மூன்று மாத பஸ் பயணத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றப் போய், நாம் கோர்ட்டில் நிற்கும்படி ஆகிவிடும்.

ஹியூம் நெடுஞ்சாலையில் 110 போட்டிருக்கிறார்களே, பி1-இல் அந்த வேகத்தில் போகலாமா?

கூடாது. எல்-க்கும் பி1-க்கும் உச்சம் 90, பி2-க்கு 100. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் வரம்பு. பலகை இதைவிடக் குறைவாகச் சொன்னால் பலகைப்படி. கான்பராவுக்குப் போகும்போது 90-இல் போனால் பின்னால் லாரிகள் வந்து முட்டுவது போல் நிற்கும், பயமாகத்தான் இருக்கும். இடது ஓரத் தடத்திலேயே இருங்கள், தாண்டுகிறவர்கள் தாண்டட்டும். ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது பின் சீட்டிலிருந்து "இன்னும் கொஞ்சம் வேகமாய்ப் போனால் அர்ச்சனைக்குப் போய்விடலாமே" என்று யாராவது சொல்வார்கள். புள்ளி போகப்போவது அவர்களுக்கு இல்லை.

ஃபோனைத் தொடாமல் ப்ளூடூத்தில் பேசலாம்தானே?

முழு லைசென்ஸ்காரர் பேசலாம். எல், பி1, பி2 மூவருக்கும் ஃபோன் என்பது எந்த வடிவிலும் கிடையாது. கையில் பிடிப்பது, தாங்கியில் மாட்டுவது, ஸ்பீக்கரில் பேசுவது, பாட்டுக்காக இணைப்பது, மேப் ஓடவிடுவது எல்லாம் இதில் அடக்கம். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் கூடாது. சாலை ஓரமாக முறைப்படி நிறுத்திவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முன்பு பி2-காரர்களுக்கு மட்டும் தொடாமல் பேசச் சலுகை இருந்தது, 2016 டிசம்பரோடு அதுவும் போய்விட்டது. அந்தக் காலத்தில் பி2-இல் இருந்த அண்ணன்மார் சொல்வதைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

தண்டனை ஐந்து புள்ளி. பி1-க்கு நாலே புள்ளிதான் எல்லை, எனவே ஒரே தடவையில் லைசென்ஸ் நிற்கும். இரட்டைப் புள்ளி நாளில் அது பத்து, பி2-உம் சேர்ந்து போகும். போலீஸ்காரர் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. 2019 இறுதியிலிருந்து சாலைக்கு மேலே மாட்டிய கேமராக்கள் கண்ணாடி வழியாக மடியில் கிடக்கும் ஃபோனைப் படம் பிடிக்கின்றன. 2024 ஜூலை முதல் அதே கேமராக்கள் சீட் பெல்ட்டையும் பார்க்கின்றன. பக்கத்து சீட்டுக்காரர் பெல்ட் போடாவிட்டாலும் கணக்கு ஓட்டுகிறவர் பேரில் ஏறும்.

அப்படியானால் வழி தெரியாத இடத்துக்கு எப்படிப் போவது? காரிலேயே உள்ள வழிகாட்டித் திரை இருந்தால் அது ஃபோன் அல்ல, கிளம்பும் முன்பே முகவரியைப் போட்டுவிடலாம். கூட வருகிறவர் தன் ஃபோனைப் பார்த்து வழி சொல்லலாம். எதுவும் இல்லையென்றால் நம் தலைமுறை செய்ததுபோல் ஒரு துண்டுத் தாளில் திருப்பங்களை எழுதிக்கொண்டு போகலாம். என் மகள் அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.

இதில் பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளை கிளம்பிய பத்தாவது நிமிடம் "எங்கே இருக்கிறாய்?" என்று அழைப்பதை நிறுத்துவோம். ஐந்து புள்ளிக்கான தூண்டிலைப் போடுவது நாம்தான்.

லைசென்ஸே ஃபோன் ஆப்பில்தான் இருக்கிறது, அதைக் காட்டுவது எப்படி?

போலீஸ்காரர் கேட்டால் அப்போது எடுத்துக் காட்டலாம். அவர் கேட்கும் முன்பே, வண்டி நிற்கும் நேரத்தில் எடுத்து வைத்துக்கொள்வோமே என்று கையை நீட்டாதீர்கள். பிளாஸ்டிக் அட்டையையும் பர்ஸில் வைத்திருங்கள், பேட்டரி தீர்ந்த ஃபோனில் லைசென்ஸ் இருந்து என்ன பயன்?

அரங்கேற்றம் முடிந்து ராத்திரி நண்பர்களை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்கிறான். விடலாமா?

மணியைப் பாருங்கள். 25 வயதுக்குக் கீழ் உள்ள பி1 டிரைவர் இரவு 11 முதல் காலை 5 வரை, 21 வயது நிரம்பாத ஒருவரை மட்டுமே ஏற்றலாம். இரண்டு பேர் ஏறினால் குற்றம், அதற்கும் மூன்று புள்ளி. 21-க்கு மேற்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அம்மா, அத்தை, பாட்டி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வரலாம், பெல்ட் இருக்கும் வரை.

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது: தம்பி, தங்கை என்பதால் தானாக விலக்கு கிடைக்காது. 15 வயதுத் தங்கையும் அவளுடைய தோழியும் பின் சீட்டில் இருந்தால், 10.50-க்குச் சரி, 11.05-க்குத் தவறு. வேலை, படிப்பு போன்ற உண்மையான தேவை இருந்தால் விலக்குக் கேட்டு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தால் அந்தக் கடிதம் வண்டியில் இருக்க வேண்டும்.

நம் நிகழ்ச்சிகள் எந்தக் காலத்தில் நேரத்துக்கு முடிந்திருக்கின்றன? நன்றியுரை முடியவே பத்தரை ஆகும், சாப்பாடு அதற்கு மேல். அதனால் போகும்போது பிள்ளை ஓட்டட்டும், வரும்போது பெரியவர் ஒருவர் ஓட்டட்டும்.

ஒரே ஒரு பியர் குடித்தால்?

எல், பி1, பி2 எல்லோருக்கும் ரத்தத்தில் ஆல்கஹால் அளவு பூஜ்யம். 0.05 என்பது முழு லைசென்ஸ்காரர்களுக்கான எல்லை. பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான், எனவே சில இருமல் மருந்துகள், வாய் கொப்பளிக்கும் திரவங்கள், ரம் ஊற்றிய கேக் இவற்றிலும் கவனம் வேண்டும். முந்தைய இரவு குடித்தது மறுநாள் காலையும் உடம்பில் இருக்கலாம். முதல் தடவையே பிடிபட்டாலும் மூன்று மாதம் லைசென்ஸ் நிறுத்தம். வீட்டில் பிள்ளை குடிப்பதைப் பற்றிப் பேசும் வழக்கம் நம்மிடம் குறைவு. பேசாமல் இருந்தால் அது நடக்காது என்று நினைப்பது நம் வசதிக்காக.

என்னென்ன கார் ஓட்டக் கூடாது?

முன்பு வி8, டர்போ என்று எஞ்சின் வகையை வைத்துத் தடை இருந்தது. 2014 ஆகஸ்டிலிருந்து கணக்கு மாறியது: எஞ்சின் சக்தியை வண்டியின் எடையால் வகுத்தால் டன்னுக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் வரக் கூடாது. எடுத்துக்காட்டாக 1,400 கிலோ எடையும் 200 கிலோவாட் சக்தியும் உள்ள கார் என்றால் ஏறக்குறைய 143 வரும், பி டிரைவருக்குத் தடை. 1,100 கிலோ, 80 கிலோவாட் சிறிய கார் என்றால் 73-தான், தாராளமாக ஓட்டலாம். சக்தியைக் கூட்டும்படி எஞ்சினில் பெரிய மாற்றம் செய்த வண்டிகளும் கூடாது.

இப்போது இதில் சிக்குவது பந்தயக் கார் பிரியர்கள் அல்ல, மின்சாரக் கார் வாங்கிய குடும்பங்கள். பார்க்கச் சாதுவான குடும்பக் காராக இருக்கும், மோட்டார் சக்தியோ எல்லையைத் தாண்டியிருக்கும். வீட்டுக்குப் புது வண்டி வாங்கும்போது அடுத்த மூன்று வருடத்தில் யார் ஓட்டப்போகிறார்கள் என்று யோசித்து, வண்டியின் பெயரை அரசின் தடைப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் கியர் வண்டி ஓட்டலாமா?

பி1-இல் தனியாக ஓட்ட முடியாது.

டிரெய்லர் இழுக்கலாமா?

எல்-இல் கூடாது. பி1-இல், காலியாக 250 கிலோவுக்குள் இருக்கும் சின்ன டிரெய்லர் மட்டும். பி பிளேட்டை டிரெய்லரின் பின்பக்கமும் மாட்ட வேண்டும்.

அப்பாவும் பிள்ளையும் ஒரே காரை ஓட்டுகிறோம். பிளேட்டை அப்படியே விட்டுவிடலாமா?

பிள்ளை ஓட்டும்போது முன்னும் பின்னும், வெளியிலிருந்து எழுத்து முழுதாகத் தெரியும்படி இருக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டினால் தெரியாது. நீங்கள் ஓட்டும்போது கழற்றிவிடுங்கள். காந்தப் பிளேட் வசதி, ஆனால் வண்டியின் உடம்பு அலுமினியமோ பிளாஸ்டிக்கோ என்றால் பிடிக்காது, மோட்டார்வேயில் எங்கேயோ பறந்துவிடும். "காலையில் இருந்ததே" என்பது பதிலாகாது. ஒரு ஜோடியை டிக்கியில் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.

பி2-இல் இருக்கும் அக்கா, எல்-இல் இருக்கும் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

கூடாது. பக்கத்தில் உட்காருகிறவருக்கு முழு ஆஸ்திரேலிய லைசென்ஸ் வேண்டும். சொல்லிக்கொடுக்கும் பெரியவரும் குடித்திருக்கக் கூடாது, ஃபோன் பார்க்கக் கூடாது. அந்தக் கடைசி விஷயம் பல அப்பாக்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

லைசென்ஸ் நிறுத்தக் கடிதம் வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் கடிதத்தில் எந்தத் தேதியிலிருந்து என்று பாருங்கள். அந்தத் தேதியிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூட ஓட்டக் கூடாது. நிறுத்தத்தில் இருக்கும்போது ஓட்டிப் பிடிபட்டால் விஷயம் புள்ளிகளைத் தாண்டி நீதிமன்றத்துக்குப் போகும்.

முழு லைசென்ஸ்காரர் புள்ளி தீர்ந்தால் "ஒரு வருடம் ஒழுங்காக ஓட்டுகிறேன்" என்று நன்னடத்தைக் காலம் கேட்கலாம். பி டிரைவருக்கு அந்த வழி இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது: கடிதம் கிடைத்த 28 நாளுக்குள் உள்ளூர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். வேலைக்கோ மருத்துவத் தேவைக்கோ வண்டி இல்லாமல் முடியாது என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். "அவன் நல்ல பையன்" என்பது மட்டும் போதாது. வக்கீலைப் பார்ப்பதானால் இருபத்தேழாவது நாள் பார்க்காதீர்கள்.

நிறுத்தத்தில் கழிந்த மாதங்கள் உங்கள் 12 அல்லது 24 மாதக் கணக்கில் சேராது. ஆபத்தான ஓட்டத்துக்காக பி2-இல் நிறுத்தப்பட்டால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஆறு மாதம் கூடுதலாகப் பச்சை பிளேட்டில் இருக்க வேண்டும். இது 2017 நவம்பரில் வந்த மாற்றம். இன்னொன்று: நீதிமன்றம் லைசென்ஸைத் தகுதிநீக்கம் செய்து, பிறகு பி திரும்பக் கிடைத்தால், முதல் 12 மாதம் எந்த நேரத்திலும் ஒரே ஒரு பயணியைத்தான் ஏற்றலாம்.

பி1-இலிருந்து பி2-க்குப் போகத் தேர்வு உண்டா?

இப்போது இல்லை. ஆபத்தை முன்கூட்டியே கவனிக்கிறோமா என்று பார்க்கும் கணினித் தேர்வு 2017 மாற்றத்தில் பி1-க்கு முன்னாலேயே போய்விட்டது. பி2-இலிருந்து முழு லைசென்ஸுக்கு இருந்த கடைசித் தேர்வும் எடுக்கப்பட்டுவிட்டது. காலம் முடிந்ததும் சர்வீஸ் என்.எஸ்.டபிள்யூ. என்ற மாநில அரசுச் சேவை அலுவலகம் வழியாக விண்ணப்பித்தால் போதும்.

ஊரில் பத்து வருடம் ஓட்டியவன் நான். எனக்கும் பி பிளேட்டா?

அநேகமாக இல்லை, ஆனால் டெஸ்ட் உண்டு. இந்திய லைசென்ஸும் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரமும் இங்கே நேரடியாக மாற்றித் தரப்படும் நாடுகளின் பட்டியலில் இல்லை. கணினியில் விதிமுறைத் தேர்வு, பிறகு சாலையில் ஓட்டிக் காட்டும் டெஸ்ட், இரண்டும் பாஸ் ஆக வேண்டும். அதன் பிறகு ஊர் லைசென்ஸ் எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்துத் தருவார்கள்: மூன்று வருடத்துக்கு மேல் என்றால் முழு லைசென்ஸ், ஒன்று முதல் மூன்று வருடம் என்றால் பி2, ஒரு வருடத்துக்குள் என்றால் பி1. விசா கிடைத்ததும் அவசரமாக ஊரில் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு விமானம் ஏறும் மாணவர்களுக்குச் சிவப்பு பி வருவது இதனால்தான். எல்.எல்.ஆர். கணக்கில் வராது.

தற்காலிக விசாவில் இருப்பவர்கள் ஊர் லைசென்ஸை வைத்துக் காலாகாலத்துக்கும் ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. 2023 ஜூலை 1-க்குப் பிறகு வந்தவர்களுக்கு ஆறு மாதம்தான், அதற்குள் இந்த மாநில லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

இனி முக்கியமான எச்சரிக்கை. சாலை டெஸ்டில் தோற்றால், ஊர் லைசென்ஸில் ஓட்டும் உரிமையும் அந்த நிமிடமே போய்விடும். காலையில் தானே ஓட்டிக்கொண்டு போனவர், திரும்பும்போது ஓட்ட முடியாது. எல் எடுத்து, மஞ்சள் அட்டை மாட்டி, முழு லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதனால் "இருபது வருட அனுபவம்" என்ற தெம்பில் போகாதீர்கள். நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் வண்டி ஓட்டத் தெரியாமல் அல்ல. ஸ்டாப் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்காதது, தடம் மாறும் முன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்காதது, பள்ளி நேரத்தில் 40 வேக வரம்பைக் கவனிக்காதது, இவைதான். கண்ணாடியில் பார்த்தேனே என்றால் தேர்வாளருக்குப் போதாது, தலை திரும்பியது அவர் கண்ணில் பட வேண்டும். பயிற்றுநரிடம் இரண்டு வகுப்புப் போட்டுவிட்டுப் போனேன். அந்த இரண்டு மணி நேரமும் அவர் என்னைத் திட்டியது இதற்காகத்தான்.

25 வயதுக்கு மேல் புதிதாகக் கற்று பி1 வாங்கினால் விதிகள் மாறுமா?

120 மணி நேரம் வேண்டாம், ராத்திரி 11 மணிப் பயணிக் கட்டுப்பாடும் இல்லை. திருமணமாகி வந்து இங்கே முதன்முதலாக ஸ்டியரிங் பிடிக்கும் பெண்கள் பலர் இந்த வகையில் வருகிறார்கள். மற்றபடி 90 வேகம், பூஜ்யம் ஆல்கஹால், ஃபோன் தடை, நாலு புள்ளி எல்லாம் அவர்களுக்கும் அப்படியே. 38 வயதில் சிவப்பு பி மாட்ட வெட்கமாக இருக்கிறது என்று ஒரு தோழி சொன்னார். பள்ளிக்கூட வாசலில் அவருடைய பிள்ளைகள் கையைத் தட்டினார்களாம், அத்தோடு வெட்கம் போயிற்று.

பி-இல் ஊபர் ஓட்டலாமா? சாப்பாடு டெலிவரி?

ஆள் ஏற்றும் சவாரிக்கு முழு லைசென்ஸ் வேண்டும், பி-இல் முடியாது. சாப்பாடு டெலிவரிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் யோசியுங்கள்: ஆர்டர் வருவதும் வழி காட்டுவதும் ஃபோனில், உங்களுக்கோ ஃபோன் தடை. ஒவ்வொரு ஆர்டருக்கும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு வெள்ளிக்கிழமைச் சம்பாத்தியத்துக்காக மூன்று மாதம் லைசென்ஸ் போனவர்கள் இருக்கிறார்கள்.

இன்ஷூரன்ஸ் கூடுமா?

கூடும். வண்டிப் பதிவுக்குக் கட்டாயமான காப்பீடான கிரீன் ஸ்லிப் வாங்கும்போதே வண்டியை ஓட்டும் மிக இளையவரின் வயதைக் கேட்பார்கள், அதை வைத்துத் தொகை மாறும். விரிவான காப்பீட்டில் 25-க்குக் கீழ் உள்ளவர் இடித்தால் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். பணத்தை மிச்சம் பிடிக்கப் பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் விட்டால், இடித்த அன்றைக்குத்தான் தெரியும் அது எவ்வளவு விலையான மிச்சம் என்று.

மெல்பர்னில் இருக்கும் சித்தி மகன் "எங்களுக்கு அப்படி இல்லையே" என்கிறான்?

அவன் சொல்வதும் சரிதான். விக்டோரியாவில் சிவப்பு பி ஒரு வருடம், பச்சை பி மூன்று வருடம். பி டிரைவருக்கென்று 90 என்ற தனி வேக வரம்பு அங்கே கிடையாது. பயணிக் கட்டுப்பாடோ வேறு மாதிரி: சிவப்பு பி-இல், 16 முதல் 21 வயதுவரை உள்ளவர்களில் ஒருவரை மட்டும் ஏற்றலாம், ராத்திரி என்றில்லை, பகலிலும் அப்படித்தான். ஆனால் கூடப்பிறந்தவர்களுக்கு அங்கே விலக்கு உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. அதனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாராவது விதி அனுப்பினால், எந்த மாநிலம் என்று முதலில் கேளுங்கள்.